‘பரவாயில்லை’யை எந்தக் கட்டத்தில் போடுவது?

தேர்தல் வந்தால் போதும், கருத்துக்கணிப்புகள் வரிசை கட்டி வந்துவிடுகின்றன. தேர்தல் இல்லாத நாட்களிலும் விடுவதில்லை. இத்தனை சதவீதம் பேர் நீதிமன்றத்தை நம்புகிறார்கள், இத்தனை சதவீதம் பேர் சாதி விட்டுச் சாதி கல்யாணத்தை எதிர்க்கிறார்கள் என்று காலைப் பத்திரிகையில் படிக்கிறோம். ராத்திரி டிவியில் நாலு பேர் உட்கார்ந்து அந்த எண்ணை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்று சிலர் விசாரிப்பார்கள். யார் யாரிடம் கேட்டார்கள் என்று இன்னும் சிலர் விசாரிப்பார்கள். என்ன வார்த்தையில் கேட்டார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதும், கேள்வி கேட்கப் போகிறவர்களைக் கட்டி மேய்ப்பதுமாக முப்பது வருடத்துக்கு மேல் என் உத்தியோகம் கழிந்தது. மதுரைக்குத் தெற்கே நான் ஏறி இறங்காத பஸ் குறைவு. அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். ஜனங்களின் மனதை அளக்கிற எந்தக் கேள்வியையும் ஊருக்குள் கொண்டுபோகும் முன்னால் சாதாரண மனிதர்கள் நாற்பது ஐம்பது பேரிடம் சோதித்துப் பார்க்க வேண்டும். சோதிக்காத கேள்விக்கு வந்த பதிலை வைத்து ‘மக்கள் இப்படி நினைக்கிறார்கள்’ என்று யாரும் தலைப்புப் போடக் கூடாது.

மாடு எத்தனை, காணி எத்தனை என்று கேட்டு எழுதினால் சரிபார்க்க வழி உண்டு. தொழுவத்தை எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். மனதுக்குள் இருப்பதை எட்டிப் பார்க்க முடியாது. அங்கே நம் கையில் இருக்கிற ஒரே படி, கேள்விதான். அந்தப் படியே நசுங்கியிருந்தால் நெல்லைக் குறை சொல்லி என்ன பயன்?

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1992-ல் அமெரிக்க யூதர் கமிட்டிக்காக ரோப்பர் என்ற பெயர்பெற்ற நிறுவனம் ஒரு கணிப்பு நடத்தியது. ஹிட்லர் ஆட்சியில் யூதர்கள் கொன்று குவிக்கப்பட்டது பற்றி அமெரிக்கர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அறிவது நோக்கம். அதில் ஒரு கேள்வி ஏறக்குறைய இப்படி இருந்தது: ‘நாஜிகள் யூதர்களை அழித்தொழித்தது நடக்கவே இல்லை என்பது சாத்தியம் என்று தோன்றுகிறதா, சாத்தியமில்லை என்று தோன்றுகிறதா?’

இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். நடந்தது என்று உறுதியாக நம்புகிறவர் எதைச் சொல்ல வேண்டும்? ‘நடக்கவே இல்லை என்பது சாத்தியமில்லை’ என்று இரண்டு ‘இல்லை’யைத் தாண்டி வர வேண்டும். வாசலில் நிற்கிறவருக்குப் பதில் சொல்லி அனுப்பும் அவசரத்தில் எத்தனை பேர் அதைத் தாண்டுவார்கள்? 1993-ல் முடிவு வெளியானபோது, 22 சதவீதம் பேர் ‘நடக்காமல் இருந்திருக்கச் சாத்தியம்’ என்று சொன்னதாக வந்தது. நாடே அதிர்ந்தது. ஐந்தில் ஒருவருக்கு இந்தக் கொடுமையில் சந்தேகமா என்று தலையங்கங்கள் எழுதினார்கள். முகாம்களில் உயிர் தப்பி வந்து அங்கே குடியிருந்தவர்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பிறகு கேள்வியைத் திருத்தி, ‘நடக்கவில்லை என்பது சாத்தியமா, அல்லது நடந்தது நிச்சயம் என்று நினைக்கிறீர்களா?’ என்று 1994-ல் மறுபடியும் கேட்டார்கள். ‘நடக்காமல் இருக்கலாம்’ என்றவர்கள் சுமார் 1 சதவீதம்தான். 91 சதவீதம் பேர் நிச்சயம் நடந்தது என்றார்கள். முதல் கேள்வி சரியில்லை என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. கேள்வி கெட்டது, கெட்ட பெயர் மட்டும் ஒரு நாட்டு ஜனங்களுக்கு.

இங்கிலீஷிலேயே இந்தக் கதி என்றால் தமிழில் சிக்கல் இன்னும் கூடுதல். ‘பெண்கள் வெளியூர் வேலைக்குப் போகக் கூடாது என்பதை நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லையா?’ என்று கேட்டால் நம் ஆட்கள் ‘ஆமா’ என்பார்கள். அது ‘ஆமா, ஒத்துக்கொள்ளவில்லை’ என்பதா, ‘ஆமா, போகக் கூடாதுதான்’ என்பதா? எழுதுகிறவர் தன் மனதில் இருப்பதை எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

எதிர்மறைக் கேள்விகளை ஒதுக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாது. ஒரே பொருள் தரும் இரண்டு சொற்கள் இரண்டு விதமான பதிலைத் தரும். 1940-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். ஜனநாயகத்துக்கு எதிராக மேடையில் பேசுவதை ‘அனுமதிக்க வேண்டுமா’ என்று ஒரு பகுதியினரிடம் கேட்டார்கள். 62 சதவீதம் பேர் அனுமதிக்கக் கூடாது என்றார்கள். இன்னொரு பகுதியினரிடம் அதையே ‘தடை செய்ய வேண்டுமா’ என்று கேட்டார்கள். தடை செய்ய வேண்டும் என்றவர்கள் 46 சதவீதம்தான். அனுமதிக்காததும் தடை செய்வதும் ஒன்றுதானே என்று நமக்குத் தோன்றும். கேட்கிறவர் காதில் ‘தடை’ கொஞ்சம் கனமாக விழுகிறது.

கேள்விகளின் வரிசையும் அப்படித்தான். 1948-ல், பனிப்போர் தொடங்கிய நேரம். கம்யூனிஸ்ட் நாட்டு நிருபர்களை அமெரிக்காவுக்குள் வரவிட்டு, அவர்கள் பார்த்தபடி செய்தி அனுப்ப விடலாமா என்று எடுத்த எடுப்பில் கேட்டபோது 36 சதவீதம் பேர் விடலாம் என்றார்கள். முதலில் ‘நம் நிருபர்களை ரஷ்யாவில் அப்படி விட வேண்டுமா?’ என்று கேட்டுவிட்டு அதன் பிறகு இதைக் கேட்டபோது அது 73 சதவீதம் ஆயிற்று. நமக்கு ஒரு நியாயம், அவனுக்கு ஒரு நியாயமா என்று மனசாட்சி குறுக்கே வந்துவிட்டது. இந்த இரண்டில் எது அமெரிக்கர்களின் ‘உண்மையான’ கருத்து? இரண்டுமேதான். ஆனால் எந்த வரிசையில் கேட்டார்கள் என்று சொல்லாமல் ஒரு எண்ணை மட்டும் தூக்கிக் காட்டினால் அது பாதி உண்மை.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். வினாப்பட்டியலை நாங்கள் ‘ஷெட்யூல்’ என்றுதான் சொல்வோம். அது பெரும்பாலும் இங்கிலீஷில் தயாராகி, யாரோ ஒருவர் தமிழில் பெயர்த்து, அச்சாகி வரும். பெயர்த்தது சரிதானா என்று பார்க்க இன்னொருவரை விட்டு மறுபடியும் இங்கிலீஷுக்கு மாற்றிப் பார்ப்பதும் உண்டு. பெயர்த்தவரும் திரும்பப் பெயர்த்தவரும் ஒரே அகராதியைப் படித்தவர்கள் என்பதால் அது கச்சிதமாகப் பொருந்திவிடும். களத்துமேட்டில் நிற்கிற மனிதர் அந்த அகராதியைப் படித்தவர் இல்லை.

தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமத்தில் முன்சோதனை நடத்திக்கொண்டிருந்தோம். ‘உங்கள் சமுதாயத்தில் பெண்களுக்கு மரியாதை இருக்கிறதா?’ என்று ஒரு கேள்வி. பெரியவர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து, “எங்க சமுதாயத்துல பொம்பளைகளுக்கு நல்ல மரியாதை உண்டு. மத்த சமுதாயத்தைப் பத்தி எனக்குத் தெரியாது, நான் சொல்லவும் கூடாது” என்றார். தென் மாவட்டங்களில் சமுதாயம் என்றால் சாதி. இது சென்னையில் உட்கார்ந்து எழுதியவருக்குத் தெரியாது. அந்தக் கேள்வியோடு ஆயிரம் வீட்டுக்குப் போயிருந்தால், ஒவ்வொருவரும் தன் சாதிப் பெருமையைச் சொல்ல, நாம் அதைத் தமிழ்நாட்டில் பெண்கள் நிலை என்று அச்சடித்திருப்போம்.

அதே சோதனையில் ஒரு ஆச்சி. ‘நீதிமன்றத்தின் மீது உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது?’ என்று கேட்டோம். “முழு நம்பிக்கை இருக்குய்யா” என்றார். அத்தோடு எழுதிக்கொண்டு போயிருக்கலாம். சோதனை என்பதால் ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் ஆச்சி என்று கேட்டோம். “எம் மவன் கேஸு பதினாலு வருசமா நடக்கு. நம்பிக்கை இல்லாம எப்படி இருக்க முடியும்?” என்றார். அவர் சொன்னது எதிர்பார்ப்பு. ஷெட்யூல் எழுதியவர் கேட்டது மதிப்பீடு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல், சாமி நம்பிக்கைக்கும் அதே சொல். கோர்ட்டைப் பற்றி அவருக்கு இருந்த குறை மூட்டை மூட்டையாக இருந்தது. தாளிலோ ‘மிகுந்த நம்பிக்கை’ என்ற கட்டத்தில் டிக் விழுந்திருக்கும்.

‘அரசியலில் ஆர்வம் உண்டா?’ என்ற கேள்வியும் இப்படித்தான். பெண்களிடம் கேட்டால் பத்துக்கு எட்டுப் பேர் “அதெல்லாம் நமக்கு எதுக்கு” என்பார்கள். அதே பெண்கள் ரேஷன் அரிசி ஏன் குறைந்தது, நூறு நாள் வேலைக் கூலி ஏன் வரவில்லை, குடிதண்ணீர்க் குழாய் எந்தத் தெருவோடு ஏன் நின்றது என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். அவர்களைப் பொறுத்தவரை அரசியல் என்றால் கட்சிக்காரர் சண்டை. ‘தமிழகப் பெண்களுக்கு அரசியல் ஆர்வம் குறைவு’ என்று ஒரு எண் வந்தால், அந்தக் குறைவு பெண்களுடையதா, கேள்வியினுடையதா?

இனி தலைப்புக்கு வருகிறேன். ஊராட்சித் தலைவர் எப்படிச் செய்கிறார் என்று கேட்டால், நம் மக்கள் சொல்லும் பதில் ‘பரவாயில்லை’. ஷெட்யூலில் ஐந்து கட்டம் இருக்கும்: மிக நன்று, நன்று, சுமார், மோசம், மிக மோசம். பரவாயில்லையை எங்கே போடுவது? தோண்டிக் கேட்டபோது ஒருவர் நன்றாகவே செய்கிறார் என்ற பொருளில் சொன்னார். ஒருவர் சுமார் என்ற பொருளில் சொன்னார். மூன்றாமவர், ‘என்ன செய்ய, விடுங்க’ என்ற பொருளில் சொன்னார். எங்கள் பையன்களோ ஆளுக்கொரு கட்டத்தில் போட்டிருந்தார்கள். கடைசியில் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டு, ‘போன தலைவர் காலத்தைவிட இப்ப நல்லா இருக்கா, மோசமா இருக்கா, அப்படியேதான் இருக்கா?’ என்று மாற்றினோம். பதில் தெளிவாக வந்தது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நம் மொழியிலேயே இருக்கிறது. ஷெட்யூல் எழுத்துத் தமிழில் இருக்கும். யாரும் யாரிடமும் எழுத்துத் தமிழில் பேசுவதில்லை. ‘தாங்கள் பெரிதும் உடன்படுகிறீர்களா?’ என்று ஒரு விவசாயியிடம் கேட்க எந்தப் பையனுக்கும் வாய் வராது. அவன் அந்த இடத்திலேயே பேச்சுத் தமிழுக்கு மாற்றுவான். நாகர்கோவில் பையன் ஒரு மாதிரி மாற்றுவான், கோயம்புத்தூர்ப் பையன் வேறு மாதிரி மாற்றுவான். பத்துப் பேர் போனால் பத்துக் கேள்வி. ஆகவே கேள்வியைப் பேச்சுத் தமிழிலேயே எழுதி, அதையே வட்டாரத்துக்கு வட்டாரம் சோதித்து, எந்த வார்த்தையை எந்தப் பகுதியில் மாற்றலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். அச்சில் பார்க்கக் கொச்சையாக இருக்கிறதே என்று மேலே இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளித்தால் சுளிக்கட்டும்.

முன்சோதனை ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. கேள்வியைக் கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டு, ‘இப்ப நான் என்ன கேட்டேன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க’ என்று கேட்பது. ‘எதை மனசுல வச்சுச் சொன்னீங்க?’ என்று கேட்பது. 1980-களிலிருந்து அமெரிக்கப் புள்ளிவிவர நிறுவனங்கள் மனோதத்துவ நிபுணர்களைச் சேர்த்துக்கொண்டு இதை ஒரு முறையாகவே வளர்த்திருக்கிறார்கள். அடுத்தது, எந்தக் கேள்விக்கு ‘என்ன கேட்டீங்க?’ என்று திருப்பிக் கேட்கிறார்கள், எந்த இடத்தில் பையன் தாளில் இல்லாத வார்த்தையைப் போடுகிறான் என்று ஓரமாக உட்கார்ந்து எண்ணுவது. எல்லோரும் ஒரே பதில் சொல்கிற கேள்வியையும் ‘தெரியாது’ குவிகிற கேள்வியையும் தனியே எடுத்துப் பார்ப்பது. சந்தேகமான கேள்வியை இரண்டு விதமாக எழுதி, பாதிப் பேரிடம் ஒன்று, பாதிப் பேரிடம் இன்னொன்று என்று கேட்டுப் பார்ப்பது. கடைசியாக, களத்தில் நடந்த பையன்களை உட்காரவைத்து அவர்கள் சொல்வதைக் கேட்பது. எந்தக் கேள்வி சிக்குகிறது என்பது அவர்களுக்கு முதல் நாளே தெரிந்துவிடும். யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

‘இதற்கெல்லாம் நேரம் இல்லை, பணம் இல்லை’ என்பார்கள். நான் பார்த்த ஒரு ஆய்வில் பத்தாயிரம் பிரதி அச்சடித்துக் கட்டுக் கட்டாக வந்து இறங்கிய பிறகு, முன்சோதனை நடத்தி அறிக்கை அனுப்பச் சொன்னார்கள். அறிக்கை போனது. ஒரு எழுத்து மாறவில்லை. தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்த்த கதை. நாலு பேர் ஒரு வாரம் செய்கிற வேலைக்கு ஆகும் செலவு, அந்தப் பத்தாயிரம் தாளை அச்சடித்த செலவைவிடக் குறைவு.

பணத்தைவிடப் பெரியது மானம். 2015-16-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், ஏழு காரணங்களைச் சொல்லி, இதற்காகக் கணவன் மனைவியை அடிப்பது நியாயமா என்று கேட்டார்கள். சொல்லாமல் வெளியே போனால், சமையல் சரியில்லை என்றால், மாமனார் மாமியாரை மதிக்காவிட்டால் என்று போகும் பட்டியல். ஏதாவது ஒரு காரணத்துக்காவது நியாயம் என்று சொன்ன பெண்கள் நாடு முழுக்க 52 சதவீதம். ஆண்கள் 42 சதவீதம். பாருங்கள், பெண்களே அடியை ஆதரிக்கிறார்கள் என்று எத்தனையோ கட்டுரைகள் வந்தன.

இதே மாதிரிக் கேள்விகளை வங்காளதேசக் கிராமங்களில் ஆராய்ந்து 2011-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. கேள்வியை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று பெண்களிடமே விசாரித்தபோது, பலர் தங்கள் சொந்தக் கருத்தைச் சொல்லாமல் ஊர் என்ன நினைக்கிறது என்பதைச் சொல்லியிருந்தது தெரியவந்தது. நம் பக்கத்திலும் ‘அடிக்கத்தான் செய்வாங்க’ என்று சொல்கிற பெண், நடப்பைச் சொல்கிறாளா, சரி என்கிறாளா? 52 என்ற எண் பொய் என்று நான் சொல்லவில்லை. அதில் ஒரு பங்கு நிச்சயம் ஒப்புதல்தான். அது வேதனையான விஷயம்தான். ஆனால் எவ்வளவு ஒப்புதல், எவ்வளவு ஊர்ப்பேச்சு என்று பிரிக்காமல், அடி வாங்குகிறவளையே அடிக்குச் சாட்சியாக நிறுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பிரித்துப் பார்க்க இருக்கிற ஒரே வழி, கேள்வியைச் சோதிப்பது.

முன்சோதனை எல்லாப் பொய்யையும் பிடித்துவிடாது என்பதும் உண்மைதான். பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தால் மருமகள் மனதைத் திறக்க மாட்டாள். வந்திருப்பவர் எந்தக் கட்சியோ என்ற பயம் இருந்தால் ஓட்டைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். அதற்கு வேறு வைத்தியம் வேண்டும். கேட்டவரும் சொன்னவரும் ஒரே கேள்வியைத்தான் பேசினார்களா என்ற அடிப்படை விஷயத்துக்கு இந்த வைத்தியம் போதும்.

செய்ய முடியுமா என்றால், செய்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்து தனி நாடாகப் போவதா என்று பொதுவாக்கெடுப்பு வந்தபோது, அந்த அரசு முதலில் எழுதிய கேள்வி, ‘ஸ்காட்லாந்து ஒரு சுதந்திர நாடாக இருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?’ பிரிட்டனின் தேர்தல் ஆணையம் அதைச் சாதாரண வாக்காளர்களிடம் கொடுத்துச் சோதித்தது. ‘ஒப்புக்கொள்கிறீர்களா’ என்பது ஆமா பக்கம் லேசாகத் தள்ளுகிறது என்று கண்டு, 2013 ஜனவரியில் மாற்றச் சொன்னது. ‘ஸ்காட்லாந்து சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா?’ என்று கேள்வி மாறியது. தனி நாடு கேட்ட அரசே அந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்டது. 2014 செப்டம்பரில் 55 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள், 45 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். தோற்றவர்கள் எத்தனையோ குறை சொல்லலாம். கேள்வி புரியாமல் ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள் என்று சொல்ல இடமில்லை.

நம் பத்திரிகைகளும் சேனல்களும் ஒன்று செய்தால் போதும். கருத்துக்கணிப்பை வெளியிடும்போது, கேட்ட கேள்வியைத் தமிழில் கேட்டபடியே போட வேண்டும். எத்தனை பேரிடம் அதைச் சோதித்தார்கள், சோதித்த பிறகு எதை மாற்றினார்கள் என்று இரண்டு வரி எழுத வேண்டும். ஒன்றும் மாற்றவில்லை என்று எழுதினால், அவர்கள் சோதிக்கவே இல்லை என்று நீங்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். நான் பார்த்த வரையில் ஒரு திருத்தம்கூட இல்லாமல் எந்த ஷெட்யூலும் முன்சோதனையிலிருந்து திரும்பி வந்ததில்லை.

நம்மைப் போன்ற பெரியவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. பகலில் வீட்டில் இருப்பவர்கள் நாம்தான். தாளோடு வருகிறவர்கள் நம்மிடம்தான் வருவார்கள். அந்தப் பிள்ளைகளை விரட்டாதீர்கள். வெயிலில் நடந்து வந்திருப்பார்கள், மோர் இருந்தால் கொடுங்கள். கேள்வி புரியவில்லை என்றால், மரியாதைக்காக ‘ஆமா’ என்று சொல்லிவிடாமல், ‘எதைப் பத்திக் கேக்கிற தம்பி?’ என்று திருப்பிக் கேளுங்கள். உங்கள் பதில் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை என்றால் அடங்கவில்லை என்று சொல்லி, தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். அடுத்த மாதம் பத்திரிகையில் உங்கள் பெயரால் ஒரு எண் வரப்போகிறது. அதில் நீங்கள் சொன்னது இருக்க வேண்டுமே.